தண்ணீரைக் கடக்கும் வெளிச்சம்

கடியபட்டணம் பாறையில் டயனீஸ்
மூச்சடக்கிப் பெயர்த்த சிப்பி
சாக்கோடு வந்தது என் மேசைக்கு.
ஒன்றைத் திறந்து ரத்தம் ஒரு துளி எடுத்தேன்,
நிறமில்லாத ரத்தம்.
மீதி நாற்பத்தொன்றும் அடுக்களைக்குப் போயின.

ஐஸ் பிளான்ட் வாசலில் வளர்ந்தவள் நான்.
பைய உறையும் மீனுக்குள்
தண்ணீர் ஊசி ஊசியாய் முளைக்கும்.
உருகும்போது சதை கஞ்சி.
ஆகவே அவசரம்.
பருப்பளவு தங்க வலையில் துளியை ஒற்றி
குளிர்ந்த ஈத்தேனுக்குள் விட்டேன்.
முளைக்க நேரம் கிடைக்காத தண்ணீர்
கண்ணாடியாய் நின்றது,
சொல்ல வந்ததை மறந்தவனின் திறந்த வாய் போல.

மாட்டாஸ்பத்திரியில் கடன் வாங்கிய நைட்ரஜனில்
வலை கிடந்தது. பிறகு விமானம் ஏறியது.

மூன்று வாரம்.
இரவு இரண்டு மணி.
மணவாளக்குறிச்சியில் கரண்ட் போய்ப் போய் வருகிறது.
அங்கே, எனக்கு உச்சரிக்க வராத ஊரில்,
யாரோ ஒருத்தி கதிரைத் திறக்கிறாள்.

எலும்பு தேடாத எக்ஸ்ரே இது.
தண்ணீரை ஒரு பொருட்டாய் எண்ணாமல் கடந்து
கரி இருக்கும் இடத்தில் தடுக்கி விழுவது.
ஒரு பாகை சாய்த்து ஒரு படம்,
இன்னும் ஒரு பாகை.
அதிகம் பார்த்தால் பார்த்ததே கருகும்.
எண்ணி எண்ணித்தான் பார்க்கிறோம்.

வந்தது:
பலாச்சுளைக்குள் கொட்டை மாதிரி உட்கரு.
மைட்டோகாண்ட்ரியா,
நெத்திலிக் கூட்டமாய் ஒரே பக்கம் தலை திருப்பி.
அதற்கும் ஓரத்தில், ஒரு சின்னப் பைக்குள்,
எல்லாவற்றையும் விடக் கறுப்பாய்
ஒரு பொடி.

கரையில் கிடக்கும் கறுமணலா?
வள்ளத்துப் பெயின்டில் உதிர்ந்ததா?
படம் கறுப்பு என்று சொல்லும்,
பெயர் சொல்லாது.
வட்டம் போட்டு உள்ளே ஒரு கேள்விக்குறி வைத்தேன்.
வேறு கதிர் வேண்டும் என்று எழுதினேன்.
எழுதியதை அடித்துவிட்டு
மறுபடி அதையே எழுதினேன்.

போன். டயனீஸ் கடலுக்குப் புறப்படும் நேரம்.
"ஏட்டி, படம் வந்துதா?"
"வந்துது."
"உள்ள என்ன இருக்கு?"
உட்கருவைச் சொன்னேன். நெத்திலியைச் சொன்னேன்.
"அத விடு. தின்னலாமா?"

அன்றைய தேங்காய் வறுத்தரைத்த குழம்பில்
நான் மட்டும் பதினொன்று.
வட்டத்தைப் பார்த்தபடியே
"ருசியாத்தான் இருந்துது" என்றேன்.
அவன் என்னவோ கேட்டான்,
எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.