பல்லில்லாத வாய்

பகல் முழுக்க நான் பார்ப்பது வாய்கள்.
திற என்றால் மூடிக்கொள்ளும் வாய்,
ஊசி போட்டதில் ஒரு பக்கம் தொங்கும் வாய்,
இரண்டாம் மாடி லாரிக்காரர் தஷ்ஞாமின் வாய்:
கடைவாயில் ஒரு பல் ஆடிக்கொண்டிருக்கிறது,
பிடுங்கவிட மாட்டேன் என்கிறார்.

ஏழு மணிக்குக் கையுறை கழற்றி
முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன்.
கிராம்பெண்ணெய் ஒரு சொட்டுப் போனால்
தொட்டி மீன் மயங்கிச் சாய்ந்துவிடும்.
பிறகு ஒன்பதாம் மாடி ஏறினால்
அங்கே இன்னொரு வாய்.

பல் இல்லை அதற்கு. சொத்தை இல்லை.
உண்டதும் கழிப்பதும் ஒரே வாசல் வழியே,
அதில் வெட்கமும் இல்லை.

கடல் சாமந்தி.

எந்தப் பக்கம் நடந்தாலும்
கடல் வராத ஊர் உலான் பத்தூர்.
நானே பார்த்ததில்லை.
ஆனாலும் ஞாயிறுதோறும் ஒரு வாளி கடல் செய்கிறேன்.
வடிகட்டிய நீர்,
எல்லை தாண்டி ரயிலில் வரும் உப்பு மூட்டை.
“டீயில் போடுகிற உப்பு ஆகாதா அம்மா?”
ஆகாது தெமூலென்.
டீக்குக் கைப்பக்குவம் போதும்.
இதற்கு ஆயிரத்துக்கு முப்பத்தைந்து,
கூடினாலும் குறைந்தாலும்
முகத்தைத் திருப்பிக்கொள்ளும், முகமே இல்லாதது.

புதனும் சனியும் இறால்.
கடைவாய்ப்பல் அளவுக்கு ஒரு துண்டு;
ஆசையில் பெரிதாகக் கொடுத்தால்
விடிவதற்குள் துப்பி வைத்திருக்கும்.
கிளினிக்கில் கழித்த இடுக்கி ஒரு கையில்,
மறுகையில் கரண்டி:
கோமாளி மீன் திருடன், அவனை மறிக்க.
ஒரு விரல் ஒட்டிப் பார்க்கும்.
பக்கத்து விரலுக்குச் சொல்லும்.
பிறகு எல்லாம் மடியும்
காசு எண்ணி முடித்த கைபோல.

நான் வைத்த பாறையில் அது ஒருநாளும் இருந்ததில்லை.
ஒற்றைக் காலால் இரவில் நகர்ந்து
தனக்கென ஓர் இடுக்கைத் தேடிக்கொண்டது,
எனக்கு எட்டாத இடமாகப் பார்த்து.

ஜனவரியில் ஓர் இரவு.
வெளியே மைனஸ் முப்பத்துநான்கு.
சத்தம் நின்றுபோனதில் விழித்தேன்.
பம்ப் இல்லை, விளக்கில்லை,
தெருவே இல்லை.

கம்பளத்தைத் தொட்டிக்குச் சுற்றினோம்.
அடுப்பில் காய்ச்சிய நீரைப் பாட்டில்களில் அடைத்து மிதக்கவிட்டோம்.
குவளையால் மொண்டு
உயரத்திலிருந்து ஊற்றினேன், மொண்டு ஊற்றினேன்,
காற்றுக் கலக்க வேண்டுமே.
தெமூலென் நூறு வரை எண்ணுவதாகச் சொல்லி
அறுபத்தொன்றில் தூங்கிப்போனான்.
டார்ச் ஒளியில் சாமந்தி
பிடுங்கிப்போட்ட ஈறுபோலக் கிடந்தது.

மூன்று மணிக்குக் கதவு தட்டினார் தஷ்ஞாம்.
குளிருக்குப் பயந்து இரவெல்லாம்
வீட்டுக்குள் வைத்திருக்கும் லாரி பேட்டரி,
அதையும் இன்வெர்ட்டரையும் தூக்கிக்கொண்டு
ஏழு மாடி. மூச்சிரைப்பு.
“படிக்கட்டெல்லாம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் டாக்டர்.
குழாய் வெடித்ததோ என்று பார்த்தேன்.”

பம்ப் உறுமியது. குனிந்து பார்த்தார்.
“பூவா?”
“வாய்.”
“பல்?”
“கிடையாது.”
தாடையைத் தடவிக்கொண்டார்.
“கொடுத்துவைத்தது.”

புதன் தின்னவில்லை. சனியும்.
இறாலை ஒட்டிப் பார்த்துவிட்டு நழுவவிட்டது,
திருடனுக்கு விருந்து.
என் மேல் கோபமா என்று கேட்பது அபத்தம்,
கேட்டேன்.

அடுத்த புதன் ஒரு விரல் பிடித்தது.
விடவில்லை.
இழுத்துப் பார்த்தேன், இடுக்கியையும் சேர்த்துப் பிடித்தது.

தஷ்ஞாம் படியில் பார்க்கும்போதெல்லாம்
“சாப்பிட்டதா?” என்கிறார்
வலது பக்கம் மட்டும் மென்றபடி.