வலது காது

சுரங்கத்தில் வெடி வைத்த ஒருநாள்
என் இடது காது போயிற்று.
அன்றிலிருந்து எனக்கு ஒலி உண்டு,
திசை இல்லை.
வீட்டில் கைபேசி அடித்தால்
மேசைக்கடியில், துணிக்கூடையில்,
ஒருமுறை அடுப்புக்குள்ளும் தேடியிருக்கிறேன்.
மகன் இஸ்மாயேல் சிரிக்காமல் கைகாட்டுவான்.

என்னைத்தான் அனுப்புகிறார்கள்
அடகாமாவின் கடலோரத் துணைமின்நிலையத்துக்கு,
எண்பது டன் மின்மாற்றியின் வயிற்றில்
காப்பு எங்கே கெட்டிருக்கிறதென்று
கேட்டுச் சொல்ல.

விடியலில் காமன்சாக்கா மூடுபனி
வேலி தாண்டி வந்திருந்தது.
மேலே பீங்கான்களில்
உப்பும் ஈரமும் சேர்ந்து சீறின.
அது இல்லை என்றேன்.
அது ஊருக்கே கேட்கிறது.

நான்கு உணரிகள். பசை தடவி,
காந்தம் வைத்து
தொட்டிச் சுவரில் ஒட்டினோம்.
முதல் மணிநேரம் கடகடவென்று ஒரு சத்தம்.
அபெலார்தோ பெயர்ப்பலகையைக்
கட்டைவிரலால் அழுத்தினார். நின்றுவிட்டது.
தளர்ந்த திருகு.
"பழுது பார்த்தாயிற்று, சாப்பிடப் போகலாம்."

பிறகுதான் வந்தது,
மனிதக் காதுக்கு எட்டாத உயரத்திலிருந்து
கருவி இறக்கித் தந்த ஒலி:
காய்ந்த எண்ணெயில்
ஒரே ஒரு கடுகு
விநாடிக்கு நூறு முறை வெடிக்கிறாற்போல.
சிறுத்த கடுகுதான்.
நகரமே இருண்டுபோகும் அதன் காரத்தில்.

மூன்றாம் உணரிக்கு முதலில் கேட்டது,
அப்புறம் ஒன்றுக்கு,
வெகு பிந்தி நான்கு, இரண்டு.
எண்ணெயில் ஒலி
ஒரு மில்லிவிநாடிக்கு
ஒன்றரை மீட்டர்கூட நடக்காது.
பிந்திய நேரத்தையெல்லாம் நீளமாக்கி
நாட்குறிப்பின் பின்னட்டையில் வரைந்தேன்:
நடுச்சுருள், மேல்மூடிக்கு ஒரு முழம் கீழே.

பன்னிரண்டு நாள் கழித்து
எண்ணெயை வடித்துத் திறந்தார்கள்.
நான் சொன்ன இடத்தில் ஒன்றுமில்லை.
நான்கு விரற்கடை தள்ளி,
காப்பு அட்டையின் மடிப்பில்
கரி வேர்விட்டிருந்தது,
கிளை பிரிந்து, இன்னும் பசியோடு.
அபெலார்தோ நான்கு விரலைத் தூக்கிக் காட்டினார்,
குறை சொல்கிறாரா
வியக்கிறாரா தெரியவில்லை.
என் வீட்டில் என் பிழை
இரண்டு அறை.

அன்றிரவு கைபேசி அடித்தது.
இஸ்மாயேல் தூங்கிவிட்டான்.
கூடத்தின் ஒவ்வொரு மூலைக்கும் போய்
வலது காதைச் சுவருக்குக் கொடுத்தேன்.
மூன்றாம் மூலையில் உரத்தது.
துணிக்கூடை. ஈரத் துண்டுக்கு அடியில்.
எடுப்பதற்குள் நின்றுபோயிற்று.

தவறிய அழைப்பு ஒன்று,
அபெலார்தோ.