பதினான்காம் கேள்வி

வேலந்தாவளம் செக்போஸ்டுக்குப் பின்னால்
பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன்:
'உதவி கேட்டு எத்தனை முறை போனீர்கள்?'
படிவத்தில் இரண்டு இலக்கத்துக்கு ஒரு கட்டம்.

சுகந்தமணி மஞ்சப்பையைக் கவிழ்த்தாள்.
பஸ் டிக்கெட்டுகள்.

அடித்தது அந்தப் பக்கம், அங்கே போ என்றது
இந்த ஸ்டேஷன்.
மலையாளத்தில் எழுதி வா என்றது
அந்த ஸ்டேஷன்.
எழுதித் தந்தவன் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு
அடித்தார் என்பதைத் திட்டினார் ஆக்கியிருந்தான்.
அது தெரியவே ஆறு மாசம்.

'எத்தனை அடின்னே கேக்கறீங்க எல்லாரும்.
எத்தனை பஸ்னு கேளுங்க.'

டீயில் ஆடை படிந்தது.
கோழி லாரி ஒன்று சீட்டைக் காட்டிவிட்டு
எல்லை தாண்டிப் போனது.

கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில்
எழுதத் தொடங்கினேன்:
இருபத்தேழு.

'இன்னொண்ணு இருக்கு' என்று
ஜாக்கெட்டுக்குள்ளிருந்து எடுத்தாள்,
ஈரம் காயாமல்.
என்னைப் பார்க்க வந்தது.