ரசமட்டம்

நெடுஞ்சாலை வேறு ஊர் வழியாகப் போய்விட்டதால்
தலையை மட்டும் எடுத்துக்கொண்டு
நகரத்தை இங்கேயே விட்டுப்போனார்கள்.
எழுபது வருஷத்துக்கு மேலாயிற்று.
யூகான் கரையில் அது இன்னும் நிற்கிறது,
கொஞ்சம் சாய்ந்து.

ஆளுநர் மாளிகை வாசலில் எட்டுப் பேர்.
ஒருவர் கையில் காலைச் சாப்பாட்டின் மிச்ச ரொட்டி.
கஞ்சி போட்ட கழுத்துப்பட்டை,
தரையைக் கூட்டும் பாவாடை,
அதன் கீழே ரப்பர் பூட்ஸ்:
வெர்னிஸ் எங்கள் வழிகாட்டி.
"நான் இந்த வீட்டுப் பணிப்பெண் என்று
நினைத்துக்கொள்ளுங்கள்" என்றாள்,
"ஐந்து மணி வரைக்கும்."

இது நடன அறை.
திரைச்சீலை அசல் இல்லை.
பியானோ அசல்தான், ஆனால் வேறு வீட்டுடையது.
நாற்காலிகளில் இரண்டு
கரையோர விடுதி ஒன்றில் கிடைத்தவை.
எந்த இரண்டு என்று சொல்ல
அவளுக்கு அனுமதி இல்லை.
உட்காரவும் யாருக்கும் அனுமதி இல்லை.

பாவாடைப் பையிலிருந்து
ஒரு கோலிக்குண்டு எடுத்தாள்.
பச்சை நிறம், உள்ளே ஒரு குமிழி.
பியானோ காலடியில் வைத்தாள்.
குண்டு யோசித்தது.
பிறகு, அழைப்பு வந்த விருந்தாளி போல,
அறை முழுக்கக் குறுக்கே நடந்து
வடமேற்கு மூலையில் போய் முட்டிக்கொண்டது.
எல்லாரும் கைதட்டினோம்.

"கீழே இருப்பது மண் இல்லை" என்றாள்.
"மண் கலந்த பனி.
யாருடைய கணக்குக்கும் முந்தியது.
இவர்கள் மேலே அடுப்பெரித்தார்கள்.
வெளியே மைனஸ் நாற்பது,
உள்ளே பெண்கள் விசிறிக்கொண்டு ஆடினார்கள்.
கீழே அதற்கும் வியர்த்தது."

பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள்.
கட்டில் ஒன்று, கோட்டு மாட்டும் ஆணி ஒன்று.
வேலைக்காரிகள் படுத்த அறை.
அடுப்பு கொடுக்கவில்லை.
குண்டைத் தரையில் வைத்தாள்.
அது வைத்த இடத்திலேயே இருந்தது.
ரொட்டிக்காரர் மெல்லுவதை நிறுத்தினார்.

மாடியில் அருங்காட்சியகம்.
தராசுகள், தராசுகள், இன்னும் தராசுகள்.
பொன்னைப் பிடிக்கப் பாதரசம் ஊற்றிய தட்டு.
இறந்துபோன வங்கியின் முத்திரை.
ஆளுநரின் மேசை,
அதன் மேல் கையெழுத்தாகாத ஒரு தாள்,
மூக்குக்கண்ணாடி.
அதுவும் வேறொருவருடையதுதான்.

ஜன்னல் வழியே ஆறு தெரிந்தது,
பால் விட்ட தேநீர் நிறத்தில்.
"பொன் தேடிக் கூட்டம் வந்தபோது
எங்கள் ஆட்களை ஆற்றோட்டம் போகும் பக்கம்
தள்ளிப் போகச் சொன்னார்கள்.
போகுமுன் பாட்டுகளை
எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்களிடம்
கொடுத்துவைத்தார்கள்.
இந்த இரைச்சல் அடங்கும் வரைக்கும்."
பணிப்பெண் குரல் இல்லை இது.
"திரும்ப வாங்கினீர்களா?" என்று கேட்டேன்.
"வாங்கிக்கொண்டிருக்கிறோம்" என்றாள்.
மணியைப் பார்த்தாள். மூன்றேகால்.

இறங்கி வருகையில்
தரைக்கடியில் டங் என்று ஒரு சத்தம்.
மறுபடி டங்.
அலமாரிக் கண்ணாடி நடுங்கியது.
எட்டுப் பேரில் ஆறு பேர் கதவைப் பார்த்தோம்.
"ஆர்விட்" என்றாள்.
"ஜாக்கி வைக்கிறான்.
ஒவ்வொரு கோடையும் வீட்டைத் தூக்கிவிடுவான்.
ஒவ்வொரு குளிர்காலமும் வீடு
அவனுக்கு வேலை வைத்திருக்கும்."

நடன அறையில் குண்டை மறுபடி வைத்தாள்,
எங்களுக்காக இல்லை, பழக்கத்தில்.
அது மூலைப் பக்கம் கிளம்பியது.
டங்.
நின்றது.
திரும்பி ஒரு விரல் அளவு வந்தது.
டங்.
அறை நடுவே,
அத்தனை பேர் சுழன்று ஆடிய இடத்தில்,
அசையாமல் உட்கார்ந்தது.

அடுத்து என்ன சொல்வதென்று
அவளுக்கு மனப்பாடம் இல்லை போலும்.
கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டாள்.

பலகை இடுக்கு வழியே
சேறு அப்பிய ஒரு குரல்:
"வெர்னிஸ், நேராயிடுச்சா?"

பாவாடையைத் திரட்டி மண்டியிட்டு
குண்டை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இன்னைக்கு" என்றாள்.