உப்புத்தண்ணீர் பம்பு

காட்பாடியில் இறங்கியதுமே ஆட்டோக்காரர் கேட்டார்:
“எந்த வார்டு?”
பாலாற்றுப் பாலம் நெடுக மணல்.
லாட்ஜில் பேரேட்டைத் திருப்பிவைத்துக் கேட்டார்கள்:
“பேஷண்ட் பேரு?”
மடியில் பை. பைக்குள்
பழைய லுங்கியில் சுற்றிய ஒன்பது கிலோ.
எஞ்சின் நம்பரின் கடைசி நாலு இலக்கத்தைச் சொன்னேன்.
“டோக்கனா?” என்றார்.
ஆமாம் என்றேன்.

ஸ்கேன் உறையைத் தலைக்குப் பிடித்து
வெயிலைக் கடக்கிறார்கள் வெளியூர்க்காரர்கள்.
வங்காள எழுத்துப் பலகைக்குக் கீழே
ரோகு மீன் குழம்பு கொதிக்கும் சந்து.
தேவனாம்பட்டினத்துக்காரன்
ஒரு துண்டு வாங்கி
பாதியில் வைத்துவிட்டேன்.

ஒரே கப்பலின் வயிற்றில்
இடமும் வலமுமாய்க் கிடந்தவை இரண்டு எஞ்சின்கள்.
கப்பலை உடைத்தபோது ஒன்று எங்கள் படகுக்கு.
மற்றது லாரியேறி மேற்கே.
காசிமேட்டு நசீருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
“மேல்விஷாரம். தோல் ஷாப்பு.
கரண்ட் போனா டிரம் சுத்துறதுக்கு வாங்குனாங்க.”
கோயம்புத்தூரில் புதிதாய் வார்த்துத் தர
எண்பதாயிரமும் மூன்று மாசமும் கேட்டார்கள்.
தடைக்காலம் முடிய ஒன்பது நாள்.

முதல் இரண்டு ஷாப்பும் பூட்டு.
மூன்றாவதில் வாட்ச்மேன் இல்லை,
அவர் சம்சாரம் இருசம்மா இருந்தாள்.
போனில் படம் காட்டினேன்.
படத்தைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தாள்.
பிறகு ஷெட்டைத் திறந்தாள்.

அதே பச்சை. அதே ஆறு சிலிண்டர்.
கடற்காற்று தீண்டாத இரும்பு
பெண் பார்க்க வந்தவர்கள் முன்போல் நின்றது.
சுற்றிவந்து இடப்பக்கம் குனிந்தேன்.
பம்பு இருக்கவேண்டிய வாய்க்குத் தகடு போட்டு
நாலு போல்ட் முடுக்கியிருந்தார்கள்.
சரிதானே.
தரையில் ஓடுவதற்கு எதற்குக் கடல்?
அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

“தோ, அதுவா பாரு.”
வாசலில் நீல டிரம், குடிதண்ணீர்.
மூடிமேல் என் பம்பு.
வெண்கலம். காயலாங்கடைக்காரன் கண்ணில்
எப்படிப் படாமல் போச்சோ.

“பத்து நாளுக்கு ஒருக்கா தண்ணி.
குரங்கு மூடியத் தள்ளிட்டு உள்ள எறங்கிக் குளிக்குது.
கல்லு வெச்சேன், உருட்டிடுச்சி.
செங்கல்லு வெச்சேன், எடுத்து எம் மேலயே போட்டுச்சி.
இதுக்குத்தான் அடங்கிச்சி.
இத்தயும் குடுத்துட்டா இன்னாத்த வெக்கிறது?”

மூவாயிரம் என்றேன்.
ஐயாயிரம் என்றேன்.
“நோட்ட மூடிமேல வெச்சா பறந்துடும்.”

அப்போதுதான் மரமண்டைக்கு எட்டியது.
லுங்கியைப் பிரித்தேன்.
பல் போன சக்கரம், விண்ட கழுத்து,
உப்பு தின்று பொத்தலான வயிறு.
எடை மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.
டிரம்மேல் ஏற்றினேன்.
அசைத்தாள். மோந்தாள்.
“கருவாடு நாத்தம்” என்றாள். “குரங்கு கிட்ட வராது.”
ஐயாயிரத்தையும் வாங்கிக்கொண்டாள்.

ஓனர் கேட்டால்?
“பம்பு இருந்த எடத்துல பம்பு கீது.”

கண்டோன்மெண்ட் ஸ்டேஷன். விழுப்புரம் வண்டி தாமதம்.
பம்பின் தண்டைச் சுழற்றினேன்,
அரைச் சுற்றில் இறுகியது.
டார்ச் அடித்துப் பார்த்தால்
உள்ளே விரல் விரலாய்க் குளவிக்கூடு,
பாலாற்று மண்ணில்.

பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்தார்.
“அடைப்பா?”
“ஆமாங்க. மண்ணு.”
“எடுத்துடலாமா?”
“எடுத்துடலாம்.”
நல்லது என்று தன் உறையைத்
தொடைமேல் நேராக்கி வைத்துக்கொண்டார்.

சாவிமுனையால் இங்கேயே குத்தியிருக்கலாம்.
ஊருக்குப் போய்
கடலில் கழுவிக்கொள்வோம் என்று
லுங்கியால் வாயைக் கட்டினேன்.