வலைக்கண்

கிரேனை இயக்கியது ஆர்விட்தான்.
இரண்டு மார்ச்சுக்கு முன்,
ஏரிக்காற்று காதை அறுத்த ஒரு காலையில்
மாவட்ட மருத்துவமனையின் கூரைமேல்
பன்னிரண்டடிச் சிலுவையை
முட்டையை வைப்பதுபோல் வைத்தான்.
சனிக்கிழமை என்பதால் ஒன்றரை மடங்கு கூலி.
சமையலறையின் இந்த நீலத் தரைவிரிப்பு
அந்தப் பணம்தான்.

வேறெதுவும் மாறாது என்றார்கள்.
மாறவில்லைதான்.
கேன்டீனில் அதே தண்ணீர் சூப்,
வரவேற்பில் அதே எட்லா,
ஒரு பக்கமாய் இழுக்கும் அதே சக்கர நாற்காலி.
பெயர்ப்பலகையில் மட்டும்
ஒரு புனிதர் குடிவந்திருந்தார்.

எனக்கு மூன்றாவது. முப்பத்து நான்காம் வாரம்.
டாக்டர் ஆக்டர்பெர்க் திரையை என் பக்கம் திருப்பினாள்.
"பழைய தையல் போட்ட இடம்
வெங்காயச் சருகாய் இருக்கிறது, கைசா.
இன்னொன்றைத் தாங்காது."
"அப்படியென்றால் வயிற்றைத் திறக்கும்போதே
குழாய்களைக் கட்டிவிடுங்கள்."
பேனாவின் மூடியைக் கழற்றினாள். மாட்டினாள்.
"இங்கே முடியாது."
"உங்களால் முடியாதா?"
"என்னால் நாலு நிமிடத்தில் முடியும்.
இங்கே முடியாது."

காப்பீட்டுக்காரர்களை அழைத்தேன்.
நாற்பது நிமிடம் பியானோ.
பிறகு வெயிலடிக்கும் ஏதோ ஊரிலிருந்து
லவோன் என்றொரு குரல்:
"நல்ல செய்தி, மேடம்!
அந்தச் சிகிச்சைக்கு உங்கள் திட்டத்தில் முழுத்தொகையும் உண்டு.
வலைப்பின்னலுக்குள் இருக்கும் மருத்துவமனையாக இருந்தால் போதும்."
உள்ளே எத்தனை இருக்கின்றன?
விசைகள் தட்டுப்படும் ஓசை.
"ஒன்று."
அந்தப் புனிதரின் பெயரை
எழுத்துக்கூட்டி வாசித்தாள், பாவம்.
பேசிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தேன்.
என் வீட்டிலிருந்தே தெரியும் அது,
இரவில் விளக்கோடு.

வெளியே இருப்பது நூற்று நாற்பது மைல்.
பதினோராயிரம் டாலர், தங்குவது தனி.

நான் மீன் ஆலையில் செதில் உரிப்பவள்.
வலை எனக்குத் தெரியும்.
எங்கள் ஏரியில் வலைக்கண்ணுக்கு அளவு உண்டு,
குஞ்சுகள் நழுவிப் போகட்டும் என்று.
ஆய்வாளர் அளவுகோலோடு படகில் ஏறுவார்,
ஓர் இழை குறைந்தாலும் அபராதம்.
இந்த வலையில் ஏறி
யார் அளப்பது?

சகோதரி பெனெடிக்டா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.
உனக்காக ஜெபிக்கிறேன் என்றார்.
நான் லூத்தரன் சபை, அதுவும் கிறிஸ்துமஸுக்கு மட்டும்.
அவர் பொய் சொல்லவில்லை.
கை கதகதப்பாக இருந்தது.
கோபப்படக்கூட வசதியில்லாமல் போனது.

அன்று நீலத்துணிக்கு இந்தப் பக்கம் என் முகம்,
அந்தப் பக்கம் மற்றதெல்லாம்.
பையன் அழுதான். நாலு கிலோ.
மரத்த வயிற்றில் வலி தெரியாது, அழுத்தம் தெரியும்.
அவள் விரல்கள் உள்ளே ஓரிடத்தில் நின்றன.
கருவிகளின் ஓசையும் நின்றது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
பிறகு தைக்கத் தொடங்கினாள்.

"எனக்குச் செய்யுங்கள்" என்று போய் நின்றான் ஆர்விட்.
ஆணுக்கும் அங்கே அதே விதியாம்.
இந்த ஒன்றில் மட்டும் சமத்துவம்.
வெளியூரில் ஜூனில் நாள் கொடுத்திருக்கிறார்கள்,
முன்பணம் தொள்ளாயிரம்.
பனிவண்டியை விற்பனைக்குப் போட்டான்;
பனி உருகும் காலத்தில் யார் கேட்பார்கள்?
அதுவரை படுக்கையின் நடுவே
எல்லைக்கல் மாதிரி பையன்.

நேற்று கம்பெனியிலிருந்து அழைப்பு.
குளிர்காலக் காற்றில்
சிலுவையின் அடிப்போல்ட் இரண்டு தளர்ந்துவிட்டதாம்.
சனிக்கிழமை. ஒன்றரை மடங்கு.
ஆர்விட் போனை மார்போடு பொத்திக்கொண்டு
என்னைப் பார்த்தான்.

போ என்றேன்.
நன்றாக முறுக்கு,
யார் தலையிலும் விழுந்துவிடக் கூடாது.