இரண்டு கூலி

பண்டுக்கு உள்ளே பிடுங்கினால்
கன்றுக்குப் பத்துக் காசு.
பண்டுக்கு வெளியே நட்டால்
கன்றுக்கு ஐம்பது.

உள்ளே செம்பனை.
பெரட்டுக் களத்தில் கிராணி தவமணி
தாளைப் பார்த்தபடியே சொல்கிறார்:
"பவுனு, பன்னிரண்டாம் பீல்டு வாய்க்கால்ல
அப்பி-அப்பி முளைச்சிருக்கு.
வேரோட வரணும்."

வெளியே கடல்.
சனிக்கிழமை பஸ்ஸில்
பச்சைச் சட்டைக்காரர்கள் வந்து இறங்குவார்கள்.
சல்மியா ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு
எங்களுக்கும் சேற்றுக்கும் நன்றி சொல்வாள்.
"வேர் அறாம நடணும், காக்கா" என்பாள் மலாயில்.

வேர் மட்டும் இரண்டு பேருக்கும் பொது.
இரண்டாவது வாரமே கண்டுகொண்டேன்.
கோணியில் ஈரமண்ணோடு சுருட்டி
பண்டில் ஏறி இறங்கினால்
அதே கன்றுக்கு அறுபது காசு.
"நாற்று எங்கே வாங்குறீங்க?"
"அந்தப் பக்கம்" என்றேன்.
பொய்யில்லை.

முன்பு வாட்டர் கேட்டை இறக்கினால்
கடல் வெளியே நிற்கும்.
இப்போது பௌர்ணமித் தண்ணி
இரும்புக்கு அடியில் புகுந்து
நண்டுகளையும் கூட்டிக்கொண்டு வருகிறது.
கிராணியிடம் உப்பு அளக்கும் கருவி இருக்கிறது.
என்னிடம் நாக்கு.
ஓரத்து வரிசையில் மட்டை பழுக்கும் முன்பே
எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் நான் சொல்ல வந்தது புல்லை.

பண்டுக்கும் பழைய மரங்களுக்கும் நடுவே
கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது.
நடுநடுவே உமரி,
வெயில் நாளில் செம்பு போல் சிவக்கும்.
நாங்கள் அதை வெளிப்புல் என்போம்,
வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.
வடமலை தன் பதினோரு மாடுகளையும்
அங்கேதான் விடுவார்.
அந்தப் பாலில் டீ போட்டால்
கடைசி மடக்கில் கடல் தெரியும் என்று
கடைக்கார ஆ ஹெங் முகம் சுளிப்பார்,
மறுநாளும் அதே பாலைத்தான் வாங்குவார்.
எங்கிருந்தோ வரும் உள்ளான்கள்
அந்தத் திறந்த வெளியில்
ஒற்றைக் காலில் நின்று தூங்கும்.

முதலில் மூச்சுவேர்கள் வந்தன,
சீவிய பென்சில்களைத்
தலைகீழாய்ச் செருகியதுபோல்.
அடுத்த வருடம் முழங்கால் உயரம்.
அதற்கடுத்த வருடம்
மாட்டின் கொம்பு மட்டும் தெரிந்தது.
செவலை உளையில் இறங்கிச் சிக்கிக்கொள்ள
நாலு பேர் கயிறு போட்டு இழுத்தோம்.
வந்தது,
ஒரு குளம்பை விட்டுவிட்டு.

கடல் ஏறினால் மரம் ஏறுகிறது.
மரம் ஏறினால் புல்லும் ஏறியிருக்கும்,
பின்னால் பண்டு இல்லாவிட்டால்.
பண்டு ஏற அதற்குத் தெரியவில்லை.
முன்னே மரம், முதுகில் மண்சுவர்,
வருடத்துக்கு வருடம் ஒல்லியாகி
இப்போது ஒரு சேலையகலம்.

மரத்தைப் பிடுங்கக் கூலி உண்டு,
மரத்தை நடக் கூலி உண்டு.
புல்லுக்கு யார் கணக்கிலும் பத்தி இல்லை.
சல்மியாவிடம் ஒருநாள் கேட்டேன்.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.
பிறகு,
"அதுக்கு இன்னும் பணம் வரலை" என்றாள்.
நல்ல பெண். மழுப்பவில்லை.

தெலுக் இந்தானிலிருந்து லாரி வந்தது.
வடமலை பத்து மாடுகளை ஏற்றிவிட்டு
நொண்டிச் செவலையோடு
சாலையோரம் நடந்து போனார்.

அன்று சாயங்காலம்
மில் சங்கு ஊதிய பிறகு இறங்கினேன்.
ஒரு பாய் விரிக்கும் அளவுக்குப்
புல்லிலிருந்து கன்றுகளைப் பிடுங்கினேன்.
கோணி கொண்டு போகவில்லை.
எந்தப் பக்கத்துக்கும் நடவில்லை.
முதுகு வலித்தது, அவ்வளவுதான்.

மறுநாள் தண்ணி ஏறி வடிந்ததும் போய்ப் பார்த்தேன்.
தோலுரிந்த மொச்சை போல் விதைகள்,
சொல்லாமல் வந்த விருந்தாளிகளாக
அதே பாயில் உட்கார்ந்திருந்தன.

எண்ணினேன்.
பழக்கம்.